கடல் அரக்கனைப் பாத்தேன்னு சொன்னவங்க பொய் சொல்லல

ரெண்டு நாளா ஒரே வீடியோ எனக்கு ஏழெட்டு பேர்கிட்ட இருந்து வந்துடுச்சு. கரையில ஒதுங்கிக் கெடக்குற பெரிய உடம்பு, நீளக் கழுத்து, சின்னத் தலை, உடம்பு பூரா வெள்ளையா முடி மாதிரி ஏதோ தொங்குது, கீழ "டைனோசர் காலத்து ஜந்து இன்னும் உயிரோட இருக்கு, விஞ்ஞானிங்க மறைக்கிறாங்க"ன்னு எழுதியிருக்கு. கமெண்ட்ல பாதிப் பேரு ஆமா ஆமாங்குறாங்க. மீதிப் பேரு இந்த மாதிரி பாத்தேன்னு சொல்றவன் எல்லாம் குடிகாரன், புளுகுறான்னு திட்டுறாங்க. எனக்கு இந்த ரெண்டு கட்சி மேலயும் கோவம் வருது, ரெண்டாவது கட்சி மேல கொஞ்சம் கூடவே வருது. ஏன்னா கடல்ல எதையோ பாத்துட்டு வந்து சொன்னவங்கள்ல முக்கால்வாசிப் பேரு நெசமாவே எதையோ பாத்திருக்காங்க. பாத்தது உண்மை, அதுக்கு வெச்ச பேருதான் தப்பு. இத நான் ரொம்ப நாளா படிச்சிட்டு வர்றேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையாப் படிங்க.

மொதல்ல அந்த நீளக் கழுத்து. பாஸ்கிங் ஷார்க்னு ஒரு சுறா இருக்கு, 10 மீட்டருக்கு மேல கூட வளரும், உலகத்துலயே ரெண்டாவது பெரிய மீன், ஆனா வாயத் தொறந்து வெச்சிக்கிட்டு தண்ணியில மெதக்குற சின்னஞ்சிறு உயிரினங்கள வடிகட்டித் தின்னுட்டுப் போற சாது. அதோட தலையில பெரும்பகுதி தாடையும் செவுளும்தான், அது எல்லாமே குருத்தெலும்பு, மண்டையோட லேசாத்தான் ஒட்டியிருக்கும். செத்து அழுக ஆரம்பிச்சா மொதல்ல கழண்டு விழுறது அதுதான். விழுந்ததுக்கு அப்புறம் மிச்சம் என்ன? ஒரு சின்ன மண்டை, அதுக்குப் பின்னால நீளமா முதுகெலும்பு. அப்படியே கழுத்தும் தலையும்! வாலுக்கு வாங்க, சுறாவோட முதுகெலும்பு வாலோட மேல் பாதிக்குள்ளதான் ஓடும், கீழ் பாதிக்கு எலும்பு இல்ல, அது அழுகி விழுந்துட்டா பல்லி வால் மாதிரி ஒண்ணு நிக்கும். பக்கத்துல இருக்குற துடுப்பெல்லாம் நாலு காலு மாதிரி தெரியும். தோல் போனதும் துடுப்புக்குள்ள இருக்குற நார் பிரிஞ்சு தொங்கும், அதுதான் நீங்க பாக்குற "முடி". இவ்வளவும் ஒரே மீன்ல நடக்குறதப் படத்தோட பாத்தப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு, யாரோ உக்காந்து ஒரு சுறாவை டைனோசர் காலத்து மிருகமா செதுக்கினா மாதிரி இருக்கும்.

1808ல ஸ்காட்லாந்துக்கு வடக்க ஆர்க்னி தீவுகள்ல ஸ்ட்ரான்சேங்குற தீவுல இப்படித்தான் ஒண்ணு ஒதுங்குச்சு. 55 அடின்னு அளந்தாங்க, பிடரி மயிர் இருக்குன்னாங்க, ஆறு காலுன்னாங்க, புது உயிரினம்னு லத்தீன்ல பேரு கூட வெச்சாங்க. லண்டன்ல எவரார்ட் ஹோம்ங்குற உடற்கூறு நிபுணர் அதோட முதுகெலும்புத் துண்டை வாங்கிப் பாத்துட்டு இது பாஸ்கிங் ஷார்க்குன்னுட்டார். அந்த 55 அடிதான் இன்னிக்கும் இடிக்குது, இந்தச் சுறா அவ்வளவு நீளம் வளராது, ஆனா எலும்பு சுறாவோடதுதான்.

1977 ஏப்ரல் 25, ஜப்பானோட சூயோ மாருங்குற மீன்பிடிக் கப்பல், நியூசிலாந்துல கிறைஸ்ட்சர்ச்சுக்குக் கிழக்க, சுமார் 300 மீட்டர் ஆழத்துல இருந்து வலையில ஒரு பிணம் வருது. 10 மீட்டர் நீளம், 1800 கிலோ எடை, தாங்க முடியாத நாத்தம். புடிச்ச மீன் கெட்டுடுமேன்னு பயந்து கேப்டன் அதக் கடல்லயே போடச் சொல்லிட்டார். அத நான் தப்பு சொல்லவே மாட்டேன், அது அவங்க பொழப்பு. ஆனா அதுல இருந்த ஒருத்தர் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி சில போட்டோ எடுத்து, அளவெடுத்து, துடுப்புல இருந்து கொஞ்சம் நாரையும் பிச்சு வெச்சிருந்தார். போட்டோ வந்ததும் ஜப்பானே அல்லோலகல்லோலப்பட்டுச்சு, பிளீசியோசர்னு பேச்சு (டைனோசர் காலத்துல கடல்ல வாழ்ந்த நீளக் கழுத்து ஊர்வன அது), கம்பெனி கப்பலுங்கள திரும்பப் போய்த் தேடச் சொன்னுச்சு, கெடைக்கல. கடைசியில அந்த நாரை சோதிச்சாங்க. அதுல இருந்த அமினோ அமிலங்களோட அளவு பாஸ்கிங் ஷார்க்கோட துடுப்பு நாரோட கிட்டத்தட்ட அப்படியே ஒத்துப் போச்சு. "மறைக்கிறாங்க"ன்னு சொல்றவங்க இத யோசிச்சுப் பாருங்க, நெசமாவே பிளீசியோசர் கெடைச்சிருந்தா அந்த விஞ்ஞானிங்களுக்கு அதைவிட அதிர்ஷ்டம் உண்டா? அத எதுக்கு மறைக்கணும்?

எலும்பே இல்லாம வெள்ளையா பந்து மாதிரி ஒதுங்குற பிணங்களும் உண்டு. 1896ல ஃபுளோரிடாவுல செயின்ட் அகஸ்டின்ல ஒதுங்கினது ராட்சச ஆக்டோபஸ்னு நூறு வருஷத்துக்கு மேல பேச்சா இருந்துச்சு, 2003ல சிலியில 13 டன் எடையில ஒண்ணு வந்துச்சு. ரெண்டுமே திமிங்கலக் கொழுப்புன்னு 2004ல முடிவாச்சு, சிலியில வந்ததுல டிஎன்ஏ எடுத்து அது ஸ்பெர்ம் திமிங்கலம்னே சொல்லிட்டாங்க. திமிங்கலம் செத்து மெதக்கும்போது எலும்புக்கூடு நழுவிக் கடலுக்குள்ள போயிடும், கொழுப்பைக் கட்டிப்பிடிச்சிருக்குற நாரு மட்டும் கரைக்கு வரும், அவ்வளவுதான்.

சரி, பிணத்த விடுங்க, உயிரோட நீந்துறதப் பாத்தவங்க கதை? அதுல எனக்கு ரொம்பப் புடிச்சது டீடலஸ் கப்பல் கதை. 1848 ஆகஸ்ட் 6, பிரிட்டிஷ் போர்க்கப்பல், நன்னம்பிக்கை முனைக்கும் செயின்ட் ஹெலினா தீவுக்கும் நடுவுல வருது. கேப்டன் மெக்வேயும் அவரோட ஆளுங்களும் சுமார் 20 நிமிஷம் ஒண்ணப் பாக்குறாங்க. தலை தண்ணிக்கு மேல நாலு அடி, தண்ணி மட்டத்துல குறைஞ்சது 60 அடி உடம்பு, வளைஞ்சு நெளியாம நேரா போகுது, முதுகுல குதிரைப் பிடரி மாதிரியோ கடல்பாசி மாதிரியோ ஏதோ அலசுது, கழுத்துப் பக்கம் மஞ்சள் கலந்த வெள்ளை. பத்திரிகையில வந்ததும் ரிச்சர்ட் ஓவன், அந்தக் காலத்துல உயிரியல்ல பெரிய தலை, அது யானை சீலா இருக்கும்னு எழுதினார். கேப்டனுக்கு வந்துச்சே கோவம்! எனக்கு சீல் எதுன்னு தெரியும், நான் பாத்தது சீல் இல்லன்னு அவர் பதில் எழுதினார். சரியாத்தான் எழுதினார். படிச்சவர் சொல்றார்ங்குறதுக்காக ஒரு மாலுமி தன் கண்ணால பாத்தத விட்டுக் கொடுக்கணுமா என்ன?

அதே கப்பல்ல இருந்த லெப்டினன்ட் டிரம்மண்டோட குறிப்பும் இருக்கு, அதுலதான் விஷயமே இருக்கு. தலை நீளமா, கூர்மையா, மேல தட்டையா, சுமார் 10 அடி, மேல்தாடை நல்லா முன்னால நீட்டிக்கிட்டு. தலையில இருந்து ஒரு 20 அடி தள்ளி முதுகுத் துடுப்பு, அப்பப்போ தெரியுது. இப்போ பாம்புங்குற எண்ணத்த மனசுல இருந்து எடுத்துட்டு இத மறுபடி படிங்க. முதுகுல ஒத்தத் துடுப்பு, அதுவும் நல்லா பின்னால தள்ளி, தட்டையான மேல்தாடை, நேரா வேகமா போறது. இது 'சேய்' (sei)ங்குற ஒரு வகைத் திமிங்கலம்னு 2015ல கேரி கால்பிரெத்னு ஒரு ஆய்வாளர் எழுதினார். சேய் திமிங்கலம் மேல்மட்டத்துல இரை அள்ளும்போது மேல்தாடையத் தண்ணிக்கு வெளிய நீட்டிக்கிட்டு நேரா உழுதுட்டுப் போகும். நீளம் 60 அடி வரைக்கும் வரும். நூத்தி அறுபத்தேழு வருஷம் கழிச்சு அந்தக் கேப்டன் சொன்னதுக்கு ஒரு அர்த்தம் கெடைக்குது, கிட்டத்தட்ட எதையுமே அவர் கூட்டிச் சொல்லலன்னு தெரியுது. எனக்கு அதப் படிச்சப்போ அவ்வளவு சந்தோஷம்.

பாம்பு மாதிரி மேலயும் கீழயும் வளைஞ்சு வளைஞ்சு போச்சுன்னு சொல்றாங்கள்ல, அதுலயே ஒரு விடை ஒளிஞ்சிருக்கு. பாம்பும் மீனும் பக்கவாட்டுலதான் நெளியும். மேலயும் கீழயும் உடம்பை ஆட்டி நீந்துறது திமிங்கலம், டால்ஃபின் மாதிரி பாலூட்டிங்கதான். நாலஞ்சு டால்ஃபின் ஒண்ணு பின்னால ஒண்ணா வரிசையா எழும்பி எழும்பி போறத தூரத்துல இருந்து பாத்தா ஒரே உடம்போட திமில் திமிலாத்தான் தெரியும். அதோட கடல்ல அளவு கணிக்க ஒரு மரம் கிடையாது, வீடு கிடையாது, தண்ணியில இருந்து ரெண்டு மீட்டர் ஒசரத்துல கண்ணு இருந்தா தொடுவானமே 5 கிலோமீட்டர்தான். கிட்டத்துல இருக்குற சின்னதும் தூரத்துல இருக்குற பெரிசும் ஒண்ணாத் தெரியும். குளிர்ந்த தண்ணி மேல வெதுவெதுப்பான காத்து நின்னா ஒளி வளைஞ்சு, ஒரு சீலோட தலை கூட தூண் மாதிரி நீண்டு நிக்கும், பழைய நார்ஸ் மக்கள் (நார்வே, ஐஸ்லாந்து பக்கத்து ஆளுங்க) எழுதி வெச்ச கடல் மனுஷன் இந்தக் கானல் உருவம்தான்னு ரெண்டு கனடா ஆய்வாளர்கள் 1981லயே எழுதியிருக்காங்க.

அதே நார்ஸ் மக்கள் 13ஆம் நூற்றாண்டுல ஹாஃப்குஃபான்னு ஒண்ணப் பத்தி எழுதியிருக்காங்க. அது வாயத் தொறந்து வெச்சிக்கிட்டு ஆடாம அசையாம இருக்குமாம், மீன் கூட்டம் ஏதோ பத்திரமான எடம்னு உள்ள போகுமாம், அப்புறம் வாய மூடுமாம். கட்டுக்கதைன்னுதான் எல்லாரும் வெச்சிருந்தாங்க. 2011ல கனடா பக்கம் ஹம்ப்பேக் திமிங்கலங்க இத அப்படியே செய்யறத கவனிச்சாங்க, தாய்லாந்து வளைகுடாவுல பிரைட்ஸ் திமிங்கலங்களும் செய்யுது, தண்ணியில செங்குத்தா நின்னுக்கிட்டு வாயப் பொளந்து காத்திருக்கும். ரெண்டையும் சேத்துப் பாத்து 2023லதான் ஆய்வுக் கட்டுரை வந்துச்சு. விஞ்ஞானம் பாக்குறதுக்கு எழுநூறு எண்ணூறு வருஷம் முன்னாடியே கடலோடிங்க பாத்து எழுதி வெச்சிட்டாங்க, அவங்களப் போயி குடிகாரன்னா எப்படி?

கப்பலையே இழுத்து முழுக்கிடும்னு பழைய கதைங்கள்ல வர்ற கிராக்கனும் அப்படித்தான், அதுக்குப் பின்னால இருக்குறது ராட்சச கணவாய். 1857ல ஸ்டீன்ஸ்ட்ரப்ங்குற டென்மார்க் விஞ்ஞானி அதுக்கு அறிவியல் பேரு வெச்சார், கொழந்தை தலை அளவு கண்ணு, நீட்டின கையோட 12 மீட்டர் வரைக்கும் வரும். அது கடலுக்குள்ள உயிரோட இருக்குறத மொதமொத போட்டோ எடுத்தது 2004ல, ஜப்பான்ல குபோதேராவும் மோரியும். அப்போ பிளீசியோசரும் எங்கயோ இருக்கலாமேன்னு கேப்பீங்க. கணவாய் ஆழத்துலயே மூச்சு விடும், பிளீசியோசர் காத்த இழுக்க மேல வந்தே ஆகணும், இவ்வளவு கப்பல் ஓடுற கடல்ல ஒரு கூட்டமே தினமும் மேல வந்து போயிட்டு யார் கேமராவுலயும் சிக்காம இருக்க முடியாது. இன்னொண்ணு, நீளக் கழுத்து மிருகம்ங்குற பேச்சு பெருகினதே 1823ல மேரி ஆனிங் பிளீசியோசர் எலும்புக்கூட்டை முழுசா தோண்டி எடுத்து, அந்தப் படம் ஊரெல்லாம் பரவினதுக்கு அப்புறம்தான். அதுக்கு முன்னாடி பெரும்பாலும் பாம்பு மாதிரிதான் சொன்னாங்க. நூத்துக்கணக்கான பழைய சாட்சியங்களை எண்ணிப் பாத்து பாக்ஸ்டன், நைஷ்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2019ல இத காட்டியிருக்காங்க. கண்ணு பாக்குறத மனசுல இருக்குற படம் முடிச்சு வைக்குது.

கடைசியா ஒண்ணு, இத எழுதணும்னுதான் இவ்வளவு தூரம் வந்தேன். 1817 ஆகஸ்ட், அமெரிக்காவுல மாசசூசெட்ஸ், கிளாஸ்டர் துறைமுகம். நாள் கணக்கா ஊரே கரையில நின்னு கடல் பாம்பைப் பாத்துச்சு, சத்தியம் பண்ணி வாக்குமூலம் கொடுத்தாங்க. பீப்பாய்களக் கயித்துல கோத்து இழுத்தா மாதிரி வரிசையா திமில், அதுவும் நூறு அடி நீளத்துக்கு. ராபர்ட் ஃபிரான்ஸ்னு ஒரு சூழலியலாளர் இந்த வாக்குமூலங்களப் படிச்சிட்டு சொன்னது, பீப்பாய் மாதிரி இல்ல, பீப்பாயேதான். வலையோட மெதவைங்க. திமிங்கலமோ பெரிய மீனோ ஏதோ ஒண்ணு மீன்பிடி வலையில சிக்கி, கயித்தையும் மெதவையையும் இழுத்துக்கிட்டு அந்தத் துறைமுகத்துல சுத்திச் சுத்தி வந்திருக்கு. இன்னிக்கு வருஷத்துக்கு சுமார் 3 லட்சம் திமிங்கலமும் டால்ஃபினும் வலையில மாட்டிச் சாகுதுன்னு சொல்றாங்க, அது பிளாஸ்டிக் காலத்துல வந்த கொடுமைன்னுதான் நான் நெனச்சிருந்தேன்.

அந்த ஆகஸ்ட் 14ஆம் தேதி மேத்யூ காஃப்னின்னு ஒரு கப்பல் தச்சர் படகுல கிட்டக்க போயி, சுமார் 30 அடி தூரத்துல இருந்து அதோட தலையப் பாத்து சுட்டார். குண்டு பட்டுச்சுன்னுதான் அவர் நெனச்சார். அது அவங்க பக்கம் திரும்புச்சு, பாஞ்சிடப் போகுதுன்னு எல்லாரும் பயந்தாங்க, ஆனா அது அப்படியே முங்கி, படகுக்கு அடியில போயி, நூறு கஜம் தள்ளி மறுபடி மேல வந்துச்சு.