33-க்கு 4, ஆனாலும் டிரா

இணையத்தில் சதுரங்கம் பார்க்கும் பலர் இப்போது பலகையைப் பார்ப்பதே இல்லை. யார் முன்னிலையில் என்று கணினி காட்டுவதற்காக ஓரத்தில் ஏறி இறங்கும் கறுப்பு வெள்ளைப் பட்டையைத்தான் பார்க்கிறார்கள். பட்டை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது கிராண்ட்மாஸ்டர் டிராவுக்குக் கை கொடுத்துவிட்டால், அவர் மடையர். எனக்கு இது எரிச்சலாக இருக்கிறது.

என் அக்கா மகனும் இந்தக் கட்சிதான். போன ஞாயிறு அவன் எதிரில் பலகையை விரித்து, பென்ரோஸ் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட புதிரை அடுக்கினேன். கறுப்புக்கு ராஜாவோடு ராணி, இரண்டு யானை, மூன்று மந்திரி, ஐந்து சிப்பாய். வெள்ளைக்கு ராஜாவும் நான்கு சிப்பாயும். காய்களின் வழக்கமான மதிப்பைக் கூட்டினால் 33-க்கு 4. வெள்ளை தோற்காமல் தப்ப முடியுமா என்பதே கேள்வி.

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது மாமா?" என்றான்.

கறுப்பின் ராணி, யானைகள், ராஜா எல்லாம் இடது ஓரத்தில், திருவிழா பஸ்ஸில் ஏறியவர்கள் போல நெருக்கியடித்து நிற்கின்றன. ஒன்றாலும் அசைய முடியாது, சிப்பாய்களுக்கும் வழியில்லை. நடமாடுபவை மந்திரிகள் மட்டும். மந்திரி குறுக்காக மட்டுமே போகும், நிற்கும் கட்டத்தின் நிறத்தை மாற்றாது. மூன்றும் கறுப்புக் கட்டத்து மந்திரிகள்! வெள்ளையின் நான்கு சிப்பாய்களோ வெள்ளைக் கட்டங்களில் இருக்கின்றன. ராஜாவும் குறுக்காகவே நடந்து வெள்ளைக் கட்டங்களை விட்டு இறங்காவிட்டால் அவரை யாராலும் தொட முடியாது. ஒரே ஆபத்து நம் பேராசைதான். இரண்டு யானைகளும் வெள்ளைச் சிப்பாய்களின் வாயருகே நிற்கின்றன; ஒன்றை வெட்டினாலும் அடைப்பு திறந்துவிடும். பையன் முதலில் அதைத்தான் வெட்டக் கை நீட்டினான்.

அன்றைய கணினிச் செஸ் நிரல்கள் கறுப்புக்கு அமோக வெற்றி என்றன. நிரல் சில பத்து நகர்வுகள் வரை கிளை கிளையாகப் போய்ப் பார்க்கும். கிளை முடியும் இடத்தில் நிலைமையை மதிப்பிடும். அடைபட்டுக் கிடக்கும் ராணிக்கும் அங்கே ஏறக்குறைய முழு மதிப்பு கிடைத்துவிடுகிறது. வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் ஆளுக்கு 50 முறை ஆடினால் டிரா என்பது அதற்கும் தெரியும். ஆனால் அந்த முடிவு இருபுறமும் சேர்த்து 100 நகர்வு தள்ளி இருக்கிறது. அதற்குள் மந்திரிகளின் வீண் நடைகளே கோடிக்கணக்கில் கிளை விரிக்கின்றன. நாம் கேட்பது வேறு கேள்வி: உள்ளே நுழைய வழி இருக்கிறதா? இல்லை என்று தெரிந்ததும் எண்ணுவதை நிறுத்திவிடுகிறோம். "இதுவரை பார்த்ததில் ஒன்றும் நடக்கவில்லை" என்பதிலிருந்து "இனி எப்போதும் நடக்காது" என்பதற்குத் தாவ நிரலுக்கு வழி தெரியவில்லை.

மனித மனம் கணக்கீட்டுக்கு அப்பாற்பட்டது என்பது, அந்த நிறுவனத்தின் பெயருக்குரிய இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸின் நெடுநாள் வாதம். இந்தப் புதிரை அதற்குச் சான்றாக நான் ஏற்கமாட்டேன். இன்னொரு நிலையைப் பாருங்கள்: வலது ஓரச் சிப்பாயும் வெள்ளைக் கட்டத்து மந்திரியும் வெள்ளையிடம் இருக்க, கறுப்பின் தனி ராஜா அந்தச் சிப்பாய் ராணியாக மாறும் மூலையில் உட்கார்ந்துகொண்டால் ஆட்டம் டிரா. தனியாகச் சொல்லித்தராத நிரல் இதிலும் வெள்ளைக்கு ஏகப்பட்ட முன்னிலை காட்டும். ஆனால் ராஜாக்களோடு சேர்த்து ஏழு காய்கள் வரையிலான நிலைகளை மாஸ்கோவின் லோமொனோசொவ் மீக்கணினியில் 2012-இலேயே தீர்த்து, 140 டெராபைட் அளவில் பதிந்துவிட்டார்கள். அதைப் புரட்டினால் பதில் உடனே கிடைக்கும். பென்ரோஸ் பலகையில் 17 காய்கள். அவ்வளவு பெரிய ஏடு இன்னும் இல்லை. இதில் ஆன்மாவுக்கு என்ன வேலை?

பையன் விடவில்லை. கறுப்பை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் மூன்று மந்திரிகளையும் பலகை முழுக்க விரட்டினான். நான் ஒரு கையால் ராஜாவைக் குறுக்கே நடத்தியபடி காபியைக் குடித்து முடித்தேன்.