தொட்டியின் அடியில் ஜல்லி வேண்டாம்

இளம் அலங்கார மரங்களுக்குத் தொட்டியின் அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று, தொட்டியில் மரம் வளர்ப்பது பற்றி நான் படித்த கட்டுரையில் இருக்கிறது. இந்த ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பொடியான மண் கலவையிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் சட்டென்று இறங்காது. கலவையின் அடிப்பகுதி நன்றாக ஊறிய பிறகுதான் சொட்டும். ஆக, ஈரம் தேங்கும் இடம் மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. என் மந்தாரைக் கன்றை வேறு தொட்டிக்கு மாற்றியபோது பார்த்தேன்: ஜல்லியை ஒட்டியிருந்த வேர்கள் கறுத்துப் போயிருந்தன, விரலால் இழுத்ததும் தோல் மட்டும் உறை மாதிரி கழன்று வந்தது. மேலே இருந்த வேரெல்லாம் வெள்ளையாக, திடமாகவே இருந்தது.

வடிகால் வேண்டுமென்றால் பெர்லைட்டையோ (சூட்டில் பொரித்த, எடை குறைந்த வெள்ளைக் கல் துகள்) சலித்த பருமணலையோ கலவை முழுக்கக் கலந்துவிடுங்கள். தென்னை நார்க்கழிவு சேர்ப்பதானால் முதலில் இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள், அதில் உப்பு இருக்கும்.

அந்தக் கட்டுரையில் உரம் பற்றிய பகுதி மிகவும் பயனுள்ளது. அப்புறம், தொட்டி மாற்றிய கையோடு உரம் போடாதீர்கள். புதுத் தளிர் வரட்டும், பிறகு பாதி அளவில் தொடங்கலாம். காய்ந்த மண்ணில் திரவ உரம் ஊற்றினால் வேர் கருகும், முதலில் வெறும் தண்ணீர் விடுங்கள். மண்மேல் வெள்ளையாகப் படிந்தால் உப்பு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அடித்துளை வழியே தாராளமாக வழியும்வரை தண்ணீர் விட்டு அலசினால் சரியாகும்.