இஸ்ஸா, ஆரா? சண்டை போட்டுப் படியுங்கள்

மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. (பணியாளர் தேர்வாணையம்) தேர்வு, வங்கித் தேர்வு என்று படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பகுதிக்காக எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: "வாக்கியத்தை மனசுக்குள் வாசித்துப் பார், காதுக்கு எது சரியாகப் படுகிறதோ அதைப் போடு." எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. கோத்தகிரி பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், வீட்டில் படுகு மொழி பேசி, பள்ளியில் தமிழில் படித்த பிள்ளைக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. பந்தலூரில் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கும் ஆங்கிலம் காதில் விழுந்து பழகியதில்லை. பழகாத காதை நம்பு என்றால் எப்படி?

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் கூடி உட்கார்ந்து மாதிரி வினாத்தாள் போடுகிறோம். போன வாரம் ஒரே கேள்வியில் மாட்டிக்கொண்டோம். 'ஹீ இஸ் ஒன் ஆஃப் தோஸ் டீச்சர்ஸ் ஹூ ____ நெவர் லேட்.' கோடிட்ட இடத்தில் இஸ்ஸா, ஆரா? இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்கள்கூட யோசிக்காமல் இஸ் என்றார்கள். காலையில் இலை பறித்துவிட்டு மதியம் படிக்க வரும் பெண் ஒருத்திதான் கேட்டாள்: "லேட்டா வராதது யாருங்கண்ணா? அவர் மட்டுமா, அந்த டீச்சர்கள் எல்லாருமா?"

முடிச்சு அவிழ்ந்துவிட்டது. லேட்டாக வராத டீச்சர்கள் பலர். அவர்களில் இவர் ஒருவர். 'ஹூ' ஒட்டியிருப்பது டீச்சர்ஸோடு. ஆகவே தேர்வு இலக்கணப்படி ஆர். சரி, 'ஒன்'னுக்கு முன்னால் 'தி ஒன்லி' போட்டால் என்றான் ஒரு பையன். இப்போது நேரத்துக்கு வருபவர் அவர் ஒருவர்தான், விடை இஸ். இரண்டு சின்னச் சொல் சேர்ந்ததும் விடையே மாறிவிட்டது. எந்தக் காது இதைச் சொல்லித் தரும்?

'ஏ நம்பர் ஆஃப்' என்றால் வினைச்சொல் பன்மை, 'தி நம்பர் ஆஃப்' என்றால் ஒருமை. 'அலாங் வித்' வந்தால் அதற்கு முன்னால் இருப்பவரைப் பார். இவையும் இப்படிப் பேசிப் பேசித்தான் மனசில் நின்றன.

எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். முதல் கட்டத் தேர்வில் 60 நிமிடத்தில் 100 கேள்வி, அதில் ஆங்கிலம் 25. சரியான விடைக்கு 2 மதிப்பெண், தப்பு விடைக்கு 0.50 கழிப்பார்கள். அங்கே போய் யோசிக்க நேரம் கிடையாது. வாதாடுவதை எல்லாம் இங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும். விடைத்தாளைப் புரட்டி 'சி' என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவுவது படிப்பே இல்லை. கைடுகளில் விடை தப்பாக அச்சாவதும் உண்டு. தேர்வாணையமே தற்காலிக விடைகளை வெளியிட்டு ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்கிறது. காரணம் தெரிந்தவரால்தானே ஆட்சேபிக்க முடியும்?

கோச்சிங்குக்காகக் கீழே கோவைக்குப் போய் ரூம் எடுத்துத் தங்க எல்லோருக்கும் வசதியில்லை. மழைக்காலத்தில் மண் சரிந்தால் பஸ்ஸும் ஓடாது. இங்கேயே நூலகங்கள் இருக்கின்றன, ஆனால் அங்கே வாய் திறக்கக்கூடாது. நீலகிரி நூலகங்களில் தேர்வுக்குப் படிப்பவர்கள் சத்தமாகப் பேசி விவாதிக்க ஒரு அறை ஒதுக்கித் தர வேண்டும். இந்த மாதமே மனு கொடுக்கப் போகிறோம். கையெழுத்துப் போட விரும்பும் குன்னூர், ஊட்டி, கூடலூர் நண்பர்கள் தகவல் சொல்லுங்கள்.