சுமத்ரா எத்தனை மணிக்கு வருவார்?

வந்தவர்: அங்கிள், ரிசப்ஷன் எந்தப் பக்கம்?

இருந்தவர்: யாருக்குக் கல்யாணம்?

வந்தவர்: கல்யாண ரிசப்ஷன் இல்லை. ரிசார்ட் ரிசப்ஷன். சாவி வாங்க வேண்டும்.

இருந்தவர்: கூடாரத்துக்குச் சாவியா? ஜிப்தானே இருக்கும்.

வந்தவர்: அப்போ பாதுகாப்புக்கு?

இருந்தவர்: ஜிப்பை மூடிக்கொள்ளுங்கள்.

(சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா, ஜூன் விடுமுறைச் சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. பக்கத்து பெஞ்சில் இளநீரோடு நான். இருவர் பெயரும் எனக்குத் தெரியாது. இருந்தவர் நடக்க வந்த பெரியவர். எழுபதுக்குப் பக்கம் இருக்கும். காலர் வைத்த நீல டி-ஷர்ட் போட்டிருந்தார், குற்றம் அவ்வளவுதான். நம் ஊரில் கறுத்த முகமும் காலரும் ஒன்றுசேர்ந்தால் அது சீருடையாகிவிடுகிறது. என்னையே ஒருமுறை பேரங்காடியில் ஒரு அம்மா “பொன்னி அரிசி எந்த வரிசை?” என்று கேட்டார். தெரியாது என்றேன். மேலாளரைக் கூப்பிடச் சொன்னார்.)

வந்தவர்: 320 வெள்ளி கட்டியிருக்கிறேன் அங்கிள். ஒரு ராத்திரிக்கு.

இருந்தவர்: எதற்கு?

வந்தவர்: இங்கே தங்குவதற்கு.

இருந்தவர்: இங்கேயா? பூங்காக் கழகத்தின் அனுமதியை எடுத்தால் கூடாரம் அடித்துக்கொள்ளலாமே. அதற்குக் காசு கிடையாது.

வந்தவர்: அது சும்மா கேம்பிங் அங்கிள். இது கிளாம்பிங். கூடாரத்தை அவர்களே அடித்து வைத்துவிடுவார்கள். மெத்தை, விரிப்பு, விளக்குச் சரம், ஏர்கூலர், பிள்ளைகளுக்கு போர்டு கேம்ஸ்.

இருந்தவர்: கடல்?

வந்தவர்: கடலும் பேக்கேஜில் இருக்கிறது.

இருந்தவர்: நல்லவேளை. அதற்குத் தனியாகக் கேட்பார்களோ என்று பார்த்தேன்.

வந்தவர்: தனியாகத்தான் கேட்டார்கள். கடல் பார்த்த கூடாரம் என்று 40 வெள்ளி கூடுதல். அதைப் பற்றித்தான் உங்களிடம் புகார் சொல்ல வந்தேன். வாசலைத் திறந்தால் கப்பல்தான் தெரிகிறது. என் மகன் எண்ணினான், 46 கப்பல்.

இருந்தவர்: கப்பலெல்லாம் எதில் நிற்கிறது?

வந்தவர்: கடலில்தான்.

இருந்தவர்: அப்போ கடல் தெரிகிறது.

வந்தவர்: விளம்பரப் படத்தில் கப்பல் இல்லை அங்கிள்.

இருந்தவர்: போகச் சொல்லட்டுமா?

வந்தவர்: உங்கள் கையில் என்ன இருக்கிறது, பாவம். மேலே சொல்லி வையுங்கள். சரி, கடலோரம் என்றுதானே போட்டிருந்தார்கள்? நான் நடந்து பார்த்தேன். கூடாரத்திலிருந்து தண்ணீர்வரைக்கும் 60 அடி.

இருந்தவர்: ஓரம் என்று போட்டதே தப்பு தம்பி. நீங்கள் நிற்பது நடுக்கடல்.

வந்தவர்: என்ன?

இருந்தவர்: இந்தப் பக்கம் கடலைத் தூர்க்க ஆரம்பித்தது 1966இல். அதற்கு முன்னால் கரை அங்கே, மரின் பரேட் பக்கம். காத்தோங்கில் எங்கள் பெரியப்பா இருந்த வீட்டில் பின்வாசல் படியில் அலை அடிக்கும். பெருநீர் ஏறும் நாளில் சமையலறையில் செருப்பு மிதக்கும். எல்லாம் பேக்கேஜ்தான்.

வந்தவர்: அப்போ இந்த மண்?

இருந்தவர்: பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகள். வெட்டி, நீளமாக ஒரு கன்வேயர் பெல்ட் போட்டு, அதில் அனுப்பிக் கொட்டினார்கள். உங்கள் கூடாரம் இருப்பது மலைமேல்.

வந்தவர்: அட!

இருந்தவர்: சத்தம் போடாதீர்கள். கடல் பார்ப்பதற்கு மட்டும்தானே கட்டியிருக்கிறீர்கள்? மலைக்கும் சேர்த்துக் கேட்டுவிடப் போகிறார்கள்.

வந்தவர்: அந்த மண்ணைப் பற்றியும் ஒரு புகார் அங்கிள். கூடாரத்துக்குள் மணல் வருகிறது.

இருந்தவர்: கடற்கரையில்.

வந்தவர்: ஆமாம், கடற்கரையில். எறும்பும் இருக்கிறது. காலை வேளையில் காகம் வேறு வருமாம், பக்கத்துக் கூடாரத்தில் சொன்னார்கள். குடும்பத்துக்கு உகந்தது என்று போட்டிருந்தார்களே.

இருந்தவர்: எறும்பும் குடும்பமாகத்தான் வருகிறது.

வந்தவர்: விளையாடாதீர்கள் அங்கிள். என் மகனுக்கு ஒன்பது வயது. வெட்டவெளியில், இயற்கையோடு ஒரு ராத்திரி இருக்கப் பழகட்டும் என்றுதான் கூட்டி வந்தேன்.

இருந்தவர்: இன்னும் ஒன்பது வருடம் பொறுங்கள். அரசாங்கமே கூட்டிக்கொண்டு போகும். கூடாரத் துணி கொடுத்து, சாப்பாடு போட்டு, கைச்செலவுக்கும் மாதாமாதம் காசு தரும். இரண்டு வருட பேக்கேஜ். காடு, சேறு, கொசு எல்லாம் உள்ளடக்கம்.

வந்தவர்: நானும் தேசிய சேவை செய்தவன்தான்.

இருந்தவர்: அப்போ வெட்டவெளியில் படுத்திருப்பீர்களே?

வந்தவர்: படுத்ததனால்தான் ஏர்கூலர் இருக்கிறதா என்று முதலில் கேட்டேன்.

(இந்த ஒரு அடியை வந்தவர் நன்றாகவே திருப்பி அடித்தார். ஒப்புக்கொள்கிறேன்.)

இருந்தவர்: பையன் எங்கே இப்போது, இயற்கையோடு இருக்கிறானா?

வந்தவர்: உள்ளே ஏர்கூலரைப் பிடுங்கிவிட்டு ஐபேடைச் செருகிக்கொண்டிருக்கிறான். ஒரே ஒரு பிளக்தான் கொடுத்திருக்கிறார்கள். மகள் விளக்குச் சரத்தைப் படம் எடுக்கிறாள். மனைவி ஒரு சின்ன மீட்டிங்கில் இருக்கிறார்.

இருந்தவர்: சனிக்கிழமை?

வந்தவர்: லண்டன்காரர்கள்.

இருந்தவர்: லண்டனிலும் சனிக்கிழமைதானே? சரி. வேறு யார் வந்திருக்கிறார்கள்? அம்மா இருக்கிறார்களா?

வந்தவர்: வீட்டில் இருக்கிறார். வயதாகிவிட்டது அங்கிள், தரையில் படுக்க முடியாது.

இருந்தவர்: மெத்தை என்றீர்களே.

வந்தவர்: மெத்தை இருக்கிறது. ஆனால் நாலு பேருக்குத்தான் கணக்கு. ஐந்தாவது ஆளுக்கு 45 வெள்ளி.

இருந்தவர்: கடலுக்கு 40. அம்மாவுக்கு 45. விலையைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

(இதற்கு வந்தவர் பதில் சொல்லவில்லை. செருப்பிலிருந்த மணலைத் தட்டினார். மறுபடி மணலிலேயே காலை வைத்தார்.)

வந்தவர்: அம்மாவுக்குக் கடல் காற்று ஒத்துக்கொள்ளாது.

இருந்தவர்: காற்று என்றதும் ஞாபகம் வருகிறது. விடியற்காலையில் சுமத்ரா வரும். பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்தவர்: யார், சுமித்ராவா?

இருந்தவர்: சுமத்ரா. ஒலி 96.8இல் காலையிலேயே சொன்னார்களே.

வந்தவர்: ரேடியோவில் வரும் அளவுக்கு அவ்வளவு நல்ல சர்வீஸா! ஆனால் அங்கிள், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘வரும்’ என்று சொல்கிறீர்கள். உங்களோடு வேலை செய்கிறவர்தானே? கொஞ்சம் மரியாதையாக ‘வருவார்’ என்று சொல்லலாம்.

இருந்தவர்: சரி. வருவார்.

வந்தவர்: எத்தனை மணிக்கு?

இருந்தவர்: நாலு, நாலரை. சில நாள் ஆறு மணியாகும்.

வந்தவர்: நாங்கள் தூங்கிக்கொண்டிருப்போமே. கதவைத் தட்டுவாரா?

இருந்தவர்: தட்டமாட்டார். கதவோடு தூக்கிக்கொண்டு போவார்.

வந்தவர்: எதை, விரிப்பையா?

இருந்தவர்: விரிப்பு, தலையணை, சரியாகக் கட்டாதது எல்லாவற்றையும். நனைத்துவிட்டுத்தான் விடுவார்.

வந்தவர்: துவைத்தே கொடுத்துவிடுவாரா? லாண்டரி பேக்கேஜில் இல்லை என்றார்களே.

இருந்தவர்: இவர் எந்தப் பேக்கேஜிலும் இல்லை.

வந்தவர்: அப்போ தனியாகக் காசு கேட்பாரா?

இருந்தவர்: வாங்கமாட்டார். ஏப்ரலிலிருந்து நவம்பர்வரைக்கும் இந்தப் பக்கம் இலவசமாகத்தான் வந்துபோகிறார்.

வந்தவர்: பகுதிநேரம்போல. எங்கே வீடு?

இருந்தவர்: பெயரிலேயே இருக்கிறதே. அங்கே கிளம்பி, மலாக்கா நீரிணையைத் தாண்டி வரவேண்டும்.

வந்தவர்: தினமும் இமிகிரேஷன் தாண்டியா? பாவம், ஜொகூரிலிருந்து வருகிறவர்களே எவ்வளவு கஷ்டப்படுகிறார்கள்!

இருந்தவர்: இவரை யாரும் நிறுத்துவதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருவார். சில நாள் 80கூட.

வந்தவர்: சைக்கிளிலா? அங்கிள், இந்தப் பாதையில் 25க்கு மேல் போகக் கூடாது. பிடித்தால் அபராதம்.

இருந்தவர்: யார் பிடிப்பது?

வந்தவர்: நான் புகார் கொடுக்கமாட்டேன், கவலைப்படாதீர்கள். ஆனால் பிள்ளைகள் ஓடுகிற இடம். சொல்லி வையுங்கள். தனியாகத்தான் வருவாரா?

இருந்தவர்: மழையையும் கூட்டிக்கொண்டு வருவார்.

வந்தவர்: மழை! மகளா? அழகான பெயர். இப்போதெல்லாம் இப்படிப்பட்ட தமிழ்ப் பெயரை யார் வைக்கிறார்கள்? எங்கள் மகளுக்கு நாங்கள் ஷ்ரேயான்ஷி என்று வைத்தோம். அர்த்தம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இருந்தவர்: மழைக்கு முன்னால் மின்னல் வரும்.

வந்தவர்: அது மூத்தவளா?

இருந்தவர்: அதன் பின்னாலேயே இடி.

வந்தவர்: இடி...

(இங்கே ஒரு நிறுத்தம். இளநீர்க் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டேன். சிரிப்பில் மூக்கு வழியாக வந்துவிடும்போல இருந்தது.)

வந்தவர்: அங்கிள், இடி யார்?

இருந்தவர்: இடி இடிதான் தம்பி.

வந்தவர்: அப்போ சுமித்ரா?

இருந்தவர்: சுமத்ரா. காற்று. சுமத்ரா தீவுப் பக்கமிருந்து கூட்டமாகக் கிளம்பி வரும் புயற்காற்று. வந்தால் ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஆட்டிவைத்துவிட்டுப் போகும்.

வந்தவர்: 80 கிலோமீட்டர் வேகத்தில்?

இருந்தவர்: கூட்டிச் சொல்லவில்லை. பலத்தது வந்தால் அப்படித்தான்.

வந்தவர்: வந்தால் ரீஃபண்ட் உண்டா?

இருந்தவர்: காற்றிடம் கேட்க வேண்டும்.

வந்தவர்: இதெல்லாம் நீங்கள் செக்-இன் நேரத்திலேயே சொல்லியிருக்க வேண்டும் அங்கிள். உங்கள் கம்பெனி ஒரு வார்த்தை எழுதவில்லை. இயற்கை அனுபவம் என்று மட்டும் போட்டிருந்தது.

இருந்தவர்: வேறென்ன போடுவது? வாருங்கள், உங்கள் கூடாரத்தைப் பார்ப்போம்.

(இருவரும் நடந்தார்கள். இளநீரைத் தூக்கிக்கொண்டு நானும். வெள்ளைத் துணிக் கூடாரம். வாசலில் செயற்கைப் புல் விரிப்பு, உண்மைப் புல்லின் மேல். இருந்தவர் குந்தி உட்கார்ந்து கயிற்றை இரண்டு விரலால் சுண்டினார். தளர்ந்த வீணைக் கம்பிபோல் தொங்கியது. முளை பாதிதான் இறங்கியிருந்தது, அதுவும் நேர்க்குத்தாக. கயிற்றின் முனையில் ஒரு பூ முடிச்சு, பிறந்தநாள் பரிசுக்குக் கட்டுவதுபோல.)

இருந்தவர்: முடிச்சை யார் போட்டது?

வந்தவர்: உங்கள் ஆட்கள்தான்.

இருந்தவர்: கடலுக்குக் காசு வாங்கியவர்கள் கயிற்றுக்கும் வாங்கியிருக்கலாம். ஒழுங்காகக் கட்டியிருப்பார்கள். ஒரு கல் எடுங்கள். அதில்லை, தட்டையாக இருப்பதை.

(முளையைப் பிடுங்கினார். கூடாரத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தலையைச் சாய்த்து வைத்தார். கல்லால் ஆறு தட்டுத் தட்டி இறக்கினார். முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தார். அதுவரை சோம்பிக் கிடந்த கூடாரம் முதுகை நிமிர்த்தியது. ஒன்பது முளை. ஒன்பதையும் முடிக்க இருபது நிமிடம். வந்தவர் கைப்பேசியில் டார்ச் அடித்தார். இன்னும் வெளிச்சம் இருந்தது.)

வந்தவர்: ரொம்ப நன்றி அங்கிள். இந்தாருங்கள், ஐந்து வெள்ளி. ரிவ்யூவிலும் உங்களைப் பற்றி எழுதுகிறேன். பெயர் என்ன? டி-ஷர்ட்டில் பேட்ஜ் காணோமே.

இருந்தவர்: பேட்ஜ் எதற்கு? நான் நடக்க வந்தவன்.

வந்தவர்: நடக்கவா?

இருந்தவர்: தினமும் வருவேன். நாலு கிலோமீட்டர் நடந்துவிட்டு அந்த பெஞ்சில் பத்து நிமிடம் உட்காருவேன். இன்றைக்கு உட்கார்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, நீங்கள் வந்து ரிசப்ஷன் எங்கே என்றீர்கள்.

வந்தவர்: ஐயையோ. இவ்வளவு நேரம் சொல்லவே இல்லையே அங்கிள்!

இருந்தவர்: சாவி எங்கே என்று கேட்டீர்கள். கப்பலை நகர்த்தச் சொன்னீர்கள். சுமத்ராவுக்கு மரியாதை கேட்டீர்கள். நான் யார் என்று மட்டும் நீங்கள் கேட்கவில்லை.

வந்தவர்: மன்னித்துவிடுங்கள் அங்கிள். சத்தியமாக... அந்த டி-ஷர்ட்டைப் பார்த்ததும்...

(கூடாரத்தின் ஜிப் அரையடி திறந்தது. ஒரு பெண் குரல், மைக்கைக் கையால் மூடிக்கொண்டு பேசும் அந்த அவசரக் குரலில்.)

குரல்: என்னங்க, அந்த அங்கிள் போவதற்குள் இன்னும் இரண்டு தலையணை கேளுங்கள்!

இருந்தவர்: கேளுங்கள் தம்பி. கேட்டுத்தான் பாருங்கள்.