நிசேயாவில் பைபிளுக்கு ஓட்டெடுப்பு நடக்கவில்லை

"பைபிளில் எந்த நூல்கள் இருக்கலாம், இயேசு கடவுளா என்பதையெல்லாம் கி.பி. 325-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நிசேயாவில் ஓட்டெடுத்து முடிவு செய்தார்" என்ற செய்தி, முற்போக்குக் கிறிஸ்தவர்களும் மரபுவாதிகளும் மோதும்போதெல்லாம் கிளம்பிவிடுகிறது. தவறு.

நிசேயாவில் (இன்றைய துருக்கியில் உள்ள ஊர்) கூடிய ஆயர்களின் (பிஷப்புகளின்) சங்கம் இயற்றிய 20 விதிகளில் வேதநூல் பட்டியலே கிடையாது. ஆயர்கள் ஊர்விட்டு ஊர் மாறக்கூடாது, குருக்கள் வட்டி வாங்கக்கூடாது என்ற ரகம்தான் (வட்டித்தொல்லை அன்றும் இருந்திருக்கிறது!). 27 நூல்கள் கொண்ட புதிய ஏற்பாட்டுப் பட்டியலை அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் எழுதியது 367-இல்.

இயேசுவின் தெய்வத்தன்மையும் கான்ஸ்டன்டைன் கண்டுபிடித்ததல்ல. கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகக் கருதிப் பாடுவதாக ரோமானிய ஆளுநர் பிளினி சுமார் 112-லேயே பேரரசருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நிசேயாவில் எழுந்த கேள்வி வேறு: இயேசு தந்தையாகிய கடவுளுக்கு நிகரானவரா, ஆரியுஸ் என்ற குரு சொன்னதுபோல் கடவுளால் படைக்கப்பட்டவரா? நிகரானவரே என்ற முடிவில் கையெழுத்திட மறுத்த ஆயர்கள் இருவரே.