அமைச்சரை ஏசுங்கள், எங்கள் லயத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

இலங்கை மலையகத்து அரசியல்வாதி ஒருவர் மேல் கோபம் வந்துவிட்டால் சிலருக்கு முதலில் வாயில் வருவது ‘தோட்டக்காட்டான்’தான், அதாவது தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து, அந்த வரிசை வீடுகளிலிருந்து வந்தவன். கேட்டால், “நான் அந்த ஆளைத்தான் ஏசினேன், உங்கள் சனத்தை இல்லை. இது அரசியல்” என்கிறார்கள். ஏச்சைவிட இந்தச் சமாதானம்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

ஏசுவதற்குக் காரணமா இல்லை? தோட்டத் தொழிலாளியின் ஆயிரம் ரூபாய் நாள் சம்பளம் 2021 வரை ஏன் இழுபட்டது? தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கிற தொழிற்சங்கச் சந்தாப் பணம் எங்கே போகிறது? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் ‘தோட்டக்காட்டான்’ அவர் செய்த எதையும் தொடுவதில்லை. கொழுந்து பறிக்கிறவள் வயிற்றில் பிறந்தவர் என்பதை மட்டும் சொல்கிறது. அந்தப் பிறப்பே கேவலம் என்று சொல்பவரும் கேட்பவரும் நம்பினால்தான் அது ஏச்சாகும். இது இனவாதம்தான், சந்தேகமே வேண்டாம்.

திருட்டுத்தனமாகத் தோணியேறி வந்தவன் என்று ஏசும் ‘கள்ளத்தோணி’ இன்னும் மோசம். தோட்டத்து மேற்பார்வையாளரான கங்காணி தமிழ்நாட்டில் ஆள் சேர்த்து, அங்கே மண்டபம் முகாமில் அடைத்துச் சோதித்து, கழுத்தில் தோட்டத்து எண் பொறித்த தகரத் துண்டை மாட்டித்தான் எங்கள் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். எல்லாம் அரசாங்கத்துக்குத் தெரிந்தே நடந்தது. இதில் கள்ளம் எங்கே? 1947 தேர்தலில் மலையக மக்கள் 7 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஏறக்குறைய 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1952 தேர்தலில் அந்த 7 இடங்களில் ஒன்றுகூட இல்லை. மேடையில் ஏசிய ஏச்சுத்தான் சட்டமாக வந்து வாக்குச்சீட்டைப் பறித்தது. பிறகு எங்கள் சனத்தை இந்தியாவும் இலங்கையும் பங்குபோட்ட 1964 ஒப்பந்தம், ஒரே குடும்பத்தில் பாதிப் பேர் அந்தக் கரை, பாதிப் பேர் இந்தக் கரை.

சிங்கள இனவாதிகளை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. 1977, 1983 இனக்கலவரங்களில் அடிவாங்கி வடக்கே வன்னிக்கு ஓடிவந்த எங்கள் சனத்தை, இந்தியாவிலிருந்து வந்தவன் என்று ஒதுக்கும் ‘வடக்கத்தியான்’ என்ற வார்த்தையால் அழைத்தவர்கள் தமிழர்கள். அந்தப் பிரஜாவுரிமைப் பிரச்சினையில் தமிழ்க் காங்கிரசை விட்டுப் பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சி தொடங்கினார் செல்வநாயகம். அவர் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்கிறவர்களின் ஆதரவாளர்களே இன்று வன்னியின் கிளிநொச்சியில் எங்கள் சனத்தின் வாக்குக் கிடைக்காத கோபத்தில் அந்த வார்த்தையை எடுத்தால் அதை எப்படி அரசியல் என்று ஏற்றுக்கொள்வது? வாக்குப் போடாதவன்மேல் கோபமா, சரி, ஏன் போடவில்லை என்று அவனிடமே போய்க் கேளுங்கள். காணி உறுதியையும் குளத்துத் தண்ணீரையும் பற்றி அவன் உங்களிடம் பேசுவான்.