போர்டு போச்சாமே!

என் ஒயின் கூலரை (ஒயின் பாட்டில் வைக்கற சின்ன ஃபிரிட்ஜ்) பாக்க வந்த டெக்னீஷியன், அளக்காமலே போர்டு (உள்ள இருக்கற கன்ட்ரோல் சர்க்யூட்) போச்சுன்னார்னு நேத்து ஒரு பதிவு போட்டேன். அதுக்கு வந்த கமெண்ட்டெல்லாம் ராத்திரி ஒரு மணி வரைக்கும் படிச்சேன். சரி, பொறுமையாவே சொல்லிடறேன்.

அந்த டெக்னீஷியன் தம்பியை நான் திருடன்னு எங்கயும் எழுதல. அளக்காம சொன்னார்னுதான் எழுதினேன். டிஸ்ப்ளேல 12 டிகிரி, ஆனா பாட்டில் மேலெல்லாம் பனி, ஒரு டம்ளர் தண்ணியில தெர்மாமீட்டரைப் போட்டு ராத்திரி முழுக்க உள்ள வெச்சுப் பாத்தா 1 டிகிரி. இவ்வளவும் சொன்னேன். அவர் கதவைத் திறந்தார், மூடினார், "போர்டு போச்சு மேடம், ஏழாயிரத்து ஐநூறு ஆகும்"னுட்டார். மல்டிமீட்டர் பையை விட்டு வெளியவே வரல!

அவர் போனதும் பிளக்கைப் பிடுங்கிட்டு, உள்ள எவ்வளவு குளிர்னு போர்டுக்குச் சொல்ற சென்சாரைக் கழட்டி, ஐஸை நுணுக்கிப் போட்ட தண்ணியில அஞ்சு நிமிஷம் முக்கி மீட்டர்ல ஓம்ஸ் (மின் தடை) பாத்தேன். இது 10 கிலோ ஓம் சென்சார், அந்த 10ங்கறது 25 டிகிரியில, குளிரக் குளிர ஏறும், 0 டிகிரியில 32, 33 கிட்ட வரணும். எனக்கு வந்தது 18. 18ன்னா 12 டிகிரி கணக்கு. ஐஸ் தண்ணிக்குள்ள உக்காந்துக்கிட்டு "இங்க 12தான்"னு கூசாம சொல்லுது. ஈரம் இறங்கியிருக்கணும். போர்டு பாவம், அதை நம்பி கம்ப்ரசரை ஓட்டிக்கிட்டே இருந்திருக்கு. சென்னையில எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற ரிச்சி தெருவுல புது சென்சார் 120 ரூபா. அவ்வளவுதான்.

எங்கப்பா கும்பகோணத்துல ரேடியோ ரிப்பேர் கடை வெச்சிருந்தவர். அளக்காம பார்ட் மாத்தினா அன்னிக்கு கடைப் பையனுக்கு டீ கிடையாது. எனக்கும்தான், பள்ளிக்கூடம் விட்டு அங்கதானே கிடப்பேன். அவர் போய் பதினோரு வருஷம் ஆச்சு, அந்த ஊசி மீட்டர் இன்னும் என் பீரோவுல இருக்கு. (வேலை செய்யாது. தூக்கிப் போட மனசு வரல.)

"தொழிலாளி வயித்துல அடிக்கறீங்க"ன்னு ஒருத்தர். விசிட்டிங் சார்ஜ் 500 குடுத்தேங்க, காபியும் குடுத்தேன். அளந்து பாத்து சென்சார்னு சொல்லியிருந்தா ஆயிரம் கேட்டாலும் குடுத்திருப்பேன். "எல்லாராலயும் மீட்டர் பிடிக்க முடியுமா"ன்னு இன்னொருத்தர். நியாயம்தான், முடியாது. அதனாலதானே ஆளைக் கூப்பிடறோம், வர்றவர் பிடிக்க வேண்டாமா?

அப்புறம் அந்த அண்ணன். "பொம்பளைக்கு எதுக்கு ஒயின் கூலர், அதுக்கு ஒரு பதிவு வேற." நாப்பது லைக். அதுல என் கூடப் படிச்சவங்க ரெண்டு பேர். பன்னெண்டு பாட்டில் பெட்டி, என் சம்பளத்துல வாங்கினது, உங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல என்னல்லாம் இருக்குன்னு நான் என்னிக்காவது கேட்டேனா?

இன்னொண்ணும் நடந்தது, நேத்து எழுத வேண்டாம்னு விட்டுட்டேன். போர்டு போச்சுன்னதும், சென்சாரா இருக்குமோன்னு கேட்டேன், அந்த டெக்னீஷியன் தம்பி சிரிச்சுட்டு, "சார் இருந்தா கூப்பிடுங்க மேடம், அவர்கிட்ட சொல்றேன்"னார். சாருக்கு மீட்டர்ல சிவப்பு ஒயர் எந்த ஓட்டையில சொருகணும்னே தெரியாது. அவரைக் கூப்பிடணுமாம்.